குடும்பங்களின் பணத்தில் போர் நினைவுச்சின்னம்: அரசின் கடமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். ஒரே படைப்பிரிவில் இருந்து உயிர்நீத்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து, சொந்தப் பணத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப நினைக்கிறீர்கள். உறவினர் ஒருவர், "நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு நாடுதான் கல் வைக்க வேண்டும். நீங்களே காசு போட்டுக் கட்டினால் அது உங்கள் வீட்டுச் சமாதி மாதிரி ஆகிவிடும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியா என்று கேட்கிறீர்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில் என்று நினைக்கிறேன். நான் கல்வெட்டுப் படிப்பிலும் நினைவுச்சின்னப் பராமரிப்பிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உறவினரின் வாதம். வீரனுக்குக் கல் வைப்பது அரசின் வேலை என்பது வரலாற்றில் மிகப் பிந்தி வந்த எண்ணம். நம் நடுகற்களைப் பாருங்கள். யார், எந்தப் பூசலில், எதைக் காக்கப் போய் மாண்டான் என்று அதில் எழுதியிருக்கும். அரசனின் ஆட்சியாண்டு பெரும்பாலும் காலத்தைக் குறிக்க மட்டுமே வரும். கல் எடுத்தவர்கள் உறவுக்காரர்களும் ஊராரும்தான். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு ஒரு பல்லவர் காலத்துக் கல் இருக்கிறது. அவனோடு நின்று போராடிய கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. நேரில் பார்த்துப் பழகியவர்கள் கல் வைத்தால்தான் ஒரு நாயின் பெயர் வரைக்கும் கல்லில் ஏறும். முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் ஊருக்கு ஊர் எழுந்த நினைவுத்தூண்களும் பெரும்பாலும் ஊர்க்காரர்களின் நன்கொடையில் கட்டியவையே. வீட்டுக்கு வீடு போய்ப் பணம் வசூலித்தார்கள், பெயர்களையும் அப்படியே சேகரித்தார்கள். பிரான்சில் 1919 அக்டோபரில் வந்த சட்டப்படி அரசு மானியம் கொடுத்தது. ஆனாலும் செலவின் பெரும்பகுதியைச் சுமந்தது ஊராட்சியும் மக்களின் நன்கொடையும்தான். ஆக, குடும்பத்தின் பணம் என்பதால் ஒரு நினைவுச்சின்னத்தின் மதிப்பு குறையாது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒரு முன்னுதாரணம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் மலைப்பகுதியில், ஏஞ்சல் ஃபயர் என்ற இடத்தில் இருக்கிறது. விக்டர் வெஸ்ட்ஃபால், ஜீன் தம்பதியின் மகன் டேவிட் அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்தார். 1968 மே 22 அன்று வியட்நாமில் ஒரு பதுங்கித் தாக்குதலில் இறந்தார். மகன் இறந்ததற்கு வந்த காப்பீட்டுப் பணத்தைப் பெற்றோர் தங்களுக்காகத் தொடவில்லை. தங்கள் நிலத்திலேயே ஒரு சிறு வழிபாட்டுக் கூடம் கட்ட அதை வைத்துத் தொடங்கினார்கள். மகனோடு சேர்ந்து அதே தாக்குதலில் விழுந்த தோழர்களையும் சேர்த்தே நினைத்தார்கள், பிறகு அந்தப் போரில் இறந்த எல்லோருக்கும் என்று அதை விரித்தார்கள். மலைச்சரிவிலிருந்து வளைந்து எழும் வெள்ளைச் சுவர், உள்ளே சில இருக்கைகள், ஒடுக்கமான உயர்ந்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான் கட்டடம். சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1971 மே 22 அன்று, அதைத் திறந்தார்கள். தலைநகரில் வியட்நாம் நினைவுச்சுவர் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தைய காலம் அது. அந்தப் போரைப் பற்றிப் பேசவே நாடு கூசிய நேரம். இரவில் கதவைப் பூட்டியிருந்தபோது யாரோ வந்து பார்த்துவிட்டு, "நான் உள்ளே வர வேண்டிய நேரத்தில் ஏன் பூட்டி வைத்தீர்கள்" என்ற பொருளில் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்றும், அதன் பிறகு கதவைப் பூட்டுவதே இல்லை என்றும் அங்கே சொல்வார்கள்.

உங்கள் உறவினர் சொன்ன "வீட்டுச் சமாதி" என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது. பணம் ஒரு வீட்டிலிருந்து வந்தது, நிலமும் அந்த வீட்டுடையது, ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. பொதுச் சொத்தாக ஒன்றை மாற்றுவது அந்தக் கதவுதான் என்று நான் நம்புகிறேன். அதே சமயம், அந்தக் குடும்பம் பட்ட சிரமத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. காப்பீட்டுப் பணம் போதவில்லை. கட்டுவதற்கும் நடத்துவதற்கும் தகப்பன் ஆயுள் முழுக்க ஓடினார். பின்னாளில் முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்று சில காலம் கைகொடுத்தது, பிறகு ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொண்டது. பின்னர் 2005-இல் அது மாநிலப் பூங்காவானது. வெஸ்ட்ஃபால் 2003-லேயே காலமாகிவிட்டார். குடும்பம் தொடங்கி வைத்ததை நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொள்ளாவிட்டால், தொடங்கியவர்களின் காலத்தோடு அது தளர்ந்துவிடும். உங்கள் திட்டத்தில் நான் பார்க்கும் பெரிய ஆபத்து இதுதான். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச்சுவரும் அரசுப் பணத்தில் எழுந்ததில்லை. ஜான் ஸ்கிரக்ஸ் என்ற முன்னாள் வீரர் 1979-இல் ஒரு நிதியம் தொடங்கினார். ஆரம்ப வாரங்களில் சேர்ந்தது 144 டாலர் 50 சென்ட். அதைத் தொலைக்காட்சியில் கேலிகூடச் செய்தார்கள். முடிவில் 80 லட்சம் டாலருக்கு மேல் தனியார் நன்கொடை வந்தது. அரசு கொடுத்தது நிலத்தை. 1982 நவம்பர் 13 அன்று சுவரை அர்ப்பணித்தார்கள். அதன் கருங்கல் பெங்களூருவிலிருந்து போனது என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும்: நிலம் அரசுடையது, பணம் மக்களுடையது, பெயர்ப்பட்டியல் படைத்துறையின் ஆவணத்திலிருந்து. மூன்றையும் இப்படிப் பிரித்ததால்தான் அந்தச் சுவர் நிலைத்தது என்பது என் கணிப்பு.

இனி மறுபக்கம். உங்கள் உறவினரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு வலுவான வடிவம் உண்டு. 1917-இல் பிரிட்டனில் ஏகாதிபத்தியப் போர்க்கல்லறை ஆணையத்தை அமைத்த பிறகு எல்லா வீரர்களுக்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவு செய்தார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் கிடையாது, உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் அனுமதி கிடையாது. காரணம் எளிது. குடும்பங்கள் தங்கள் வசதிக்கேற்பக் கல் வைக்கலாம் என்று விட்டால் பணக்காரன் மகனுக்குப் பளிங்கு மண்டபம் எழும், ஏழை மகனுக்கு மரச்சிலுவைகூட மிஞ்சாது. இதைப் பல குடும்பங்களால் ஏற்க முடியவில்லை. மூன்று மகன்களைப் போரில் இழந்த ஃபுளோரன்ஸ் செசில் என்ற தாய் முன்னின்று, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுத்தார். மகன் கிடக்கும் இடத்தில் எந்தக் கல் இருக்க வேண்டும் என்று சொல்லத் தாய்க்கு உரிமை இல்லையா என்பதே அவர்கள் கேள்வி. 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, ஆணையத்தின் கொள்கை நின்றது. குடும்பத்துக்கு மிஞ்சியது கல்லின் அடியில் ஒரு வரி. இடைவெளியோடு சேர்த்து 66 எழுத்துகள், எழுத்துக்கு மூன்றரைப் பென்னி. அந்தக் கட்டணம் பிறகு விரும்பினால் கொடுக்கலாம் என்று மாறியது. நான் அந்தத் தாய்மார்கள் பக்கம் மனம் சாய்கிறவன். ஆனால் ஆணையத்தின் முடிவு சரியென்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஆனால் சமம் என்று சொன்ன அந்த அரசு அமைப்பே எல்லா இடத்திலும் சமமாக நடக்கவில்லை. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண் மட்டும். அந்த ஆணையத்தின் இன்றைய வடிவமான காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், மேலும் 1,16,000 பேராவது, ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடுபட்டார்கள் என்றும் அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அரசு செய்தால் எல்லாம் நேர்மையாக நடக்கும், குடும்பம் செய்தால் பாரபட்சம் வரும் என்பது இரண்டு பக்கமும் உடையும் வாதம்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: கொடுத்த பணத்துக்கும் கல்லில் வரும் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. ஒரு குடும்பம் பெருந்தொகை கொடுக்கும், இன்னொன்றால் ஒன்றுமே முடியாது. இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில் வர வேண்டும். பணம் தர முடியாத குடும்பத்திடம் "உங்கள் பையன் பெயரையும் போட்டுவிட்டோம்" என்று சலுகை காட்டும் தொனியில் யாரும் பேசிவிடக் கூடாது. நன்கொடையாளர் பட்டியல் தேவையானால் தனியாக ஒரு ஏட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லில் வேண்டாம். வீரர் பெயர்களுக்குப் பக்கத்திலேயே நன்கொடையாளர் பெயர்கள் அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்த பலகைகளைப் பார்த்திருக்கிறேன். மாலை போட வருகிறவர்கள் எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

அடுத்தது, யார் பெயர் வரும் என்பது. சண்டை வருவது பணத்தில் என்று எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் மனக்கசப்பு வருவது பட்டியலில்தான். களத்திலேயே இறந்தவரைப் பற்றிக் கேள்வி இல்லை. காயத்தோடு வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து இறந்தவர்? பயிற்சியில் விபத்தில் போனவர்? முகாமில் காய்ச்சலில் இறந்தவர்? தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்? காணாமல் போய், இன்னும் வருவார் என்று தாய் நம்பிக்கொண்டிருக்கும் ஒருவர்? முதல் உலகப்போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் சட்டத்தின் மூலம் மன்னிப்புக் கிடைத்தது. சில ஊர்த் தூண்களில் அவர்கள் பெயர் அன்றே இருந்தது, சில இடங்களில் பல பத்தாண்டுகள் கழித்துச் சேர்த்தார்கள். எது சரி என்று வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது, அது உங்கள் குடும்பங்கள் கூடி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பெயரைக்கூட எழுதுவதற்கு முன்பே விதியை எழுதுங்கள். பெயர் தெரிந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்து எழுதியதாகிவிடும். அப்புறம், ஒரு குடும்பம் "எங்கள் பிள்ளை பெயர் வேண்டாம்" என்று சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள். அதே நேரம் கல்லில் இடம் விட்டு வையுங்கள், சில வருடம் கழித்து அவர்களே வந்து கேட்பது உண்டு.

வரிசை எப்படி? பதவி வரிசை வேண்டவே வேண்டாம். அகர வரிசை தேடுவதற்கு வசதி. இறந்த நாள் வரிசையில் வேறொரு நன்மை இருக்கிறது. வியட்நாம் சுவரை வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது மாணவி. பெயர்கள் இறந்த நாள் வரிசையில்தான் வர வேண்டும் என்று உறுதியாக நின்றார். தேடச் சிரமம் என்று எதிர்ப்பு வந்தது. ஆனால் அகர வரிசையில் போட்டால் ஸ்மித் என்று மட்டும் 600 பேருக்கு மேல் வரிசையாக வருவார்கள், யார் எவர் என்று தெரியாது. நாள் வரிசையில் ஒரே மோதலில் ஒன்றாக விழுந்தவர்கள் கல்லிலும் ஒன்றாக இருக்கிறார்கள். தேடுவதற்குத் தனியே ஒரு பெயரேடு வைத்தார்கள். உங்களுடையது ஒரே படைப்பிரிவு என்பதால் நாள் வரிசையே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சுவரில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இறப்பு உறுதியானவர் பெயருக்குப் பக்கத்தில் சாய்சதுரக் குறி, காணாமல் போனவருக்குக் கூட்டல் போன்ற குறி. பின்னால் உடல் அடையாளம் தெரிந்தால் அந்தக் குறியின் மேலேயே சாய்சதுரத்தை வெட்டுவார்கள். உயிரோடு திரும்பி வந்தால் அதைச் சுற்றி வட்டம் போடுவது என்றும் ஏற்பாடு. கல்லில் அழிக்க முடியாது என்பதை முன்பே உணர்ந்து, திருத்துவதற்கு வழி வைத்து வெட்டியிருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது காணாமல் போனவர் இருந்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெயரின் எழுத்து விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். அதே சுவரில் உயிரோடு இருந்த சிலரின் பெயர்களும் ஆவணப் பிழையால் ஏறிவிட்டன. அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலேயே இது நடந்தது. படைத்துறைச் சான்றில் உள்ள பெயர், பள்ளிச் சான்றில் உள்ள பெயர், வீட்டில் அழைத்த பெயர் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். தலைப்பெழுத்து மாறியிருக்கும், ஒற்று விட்டுப்போயிருக்கும், ரகர றகரம் புரண்டிருக்கும். எழுத்து வெட்டுவதற்கு முன் முழு அளவில் தாளில் எழுதி, ஒவ்வொரு குடும்பத்திலும் இரண்டு பேரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வெட்டிய பிறகு, பொருத்துவதற்கு முன்னால் ஒருமுறை மைப்படி (கல்லின் மேல் காகிதம் வைத்து மை ஒற்றி எடுக்கும் படி) எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழை காகிதத்தில் பளிச்சென்று தெரியும்.

கல்லைப் பற்றிச் சொல்வது எளிது, ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. திறந்தவெளியில் பெயர் நிற்க வேண்டுமானால் கருங்கல். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் மழையில் இருக்கும் மெல்லிய அமிலத்துக்கே கரையும், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். வெண்கலப் பலகை அழகுதான், ஆனால் பழைய உலோக விலைக்காகத் திருடு போகிறது. பெயின்ட் அடித்த எழுத்து சில கோடைக்குள் உரியும். அதை மீண்டும் மீண்டும் பூசுகிறவர் ஒருநாள் ஒரு கொம்பையோ புள்ளியையோ விட்டுவிடுவார். பெயின்ட் போனாலும் படிக்கும்படி ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். கற்களை இணைக்கச் சாதாரண இரும்புக் கம்பி வைக்கவே கூடாது. அது துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளக்கும். துருவேறாத எஃகு வையுங்கள். சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஆசிட், கம்பி பிரஷ், பீய்ச்சியடிக்கும் இயந்திரம் மூன்றும் எழுத்தின் எதிரிகள். விழா நாளுக்கு முந்தைய நாள் ஆர்வக்கோளாறில் செய்யும் சுத்தம்தான் அதிகச் சேதம் செய்கிறது.

இப்போது முன்னே விட்ட இடத்துக்கு வருகிறேன். கட்டி முடித்த பிறகு அது யாருடையது? பிரிட்டனில் முதல் உலகப்போருக்குப் பின் இதுவே பெரிய சிக்கலானது. பணம் வசூலித்த குழு, தூணைத் திறந்து வைத்த மறுநாள் கலைந்துவிட்டது. பெயர் அழிந்தால் பார்க்க வேண்டியவர் யார் என்று தெரியவில்லை. 1923-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, உள்ளாட்சி அமைப்புகள் இவற்றைப் பராமரிக்கச் செலவு செய்யலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். செய்யலாம் என்றுதான், செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் கேட்பாரற்றுப் போனவற்றுக்கு உதவ 1997-இல் தனியாக ஓர் அறக்கட்டளையே தேவைப்பட்டது. ஆகவே ஒரு நபரின் பட்டா நிலத்தில் கட்டாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அவர் வாரிசுகள் அந்த நிலத்தை விற்கும்போது உங்கள் கல் ஒரு வில்லங்கமாக நிற்கும். பதிவு செய்த அறக்கட்டளை ஒன்றும், கட்டும் செலவிலிருந்து முதலிலேயே பிரித்து வைத்த பராமரிப்புத் தொகையும் வேண்டும். பணம் குறைவாக இருந்தால் கல்லைச் சிறிதாக்குங்கள், பராமரிப்புத் தொகையைத் தொடாதீர்கள். பதிவு, வரிவிலக்கு, நில அனுமதி போன்ற சட்ட விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும். அது என் துறையும் இல்லை. அதற்கு ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

இப்படி ஒரு கல் வைத்தால் துக்கம் தணியுமா என்று உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு தொனி இருந்தது. இதில் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். ஜெர்மானியச் சிற்பி கேத்தே கொல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தபோது அவனுக்கு வயது 18. அவனுக்கு ஒரு நினைவுச்சிற்பம் செய்ய அந்த ஆண்டே தாய் முடிவெடுத்தார். பலமுறை செய்து, கலைத்து, விட்டு, மறுபடி தொடங்கி, 1932-இல்தான் அதை அவன் புதைந்த இடத்தில் வைத்தார். அதற்கும் 18 ஆண்டுகள். கடைசியில் செய்தது மகன் உருவத்தைக்கூட அல்ல. மண்டியிட்ட ஒரு தகப்பன், தலை கவிழ்ந்த ஒரு தாய், இருவருக்கும் நடுவே இடைவெளி. இன்று அது விளாட்ஸ்லோ என்ற இடத்தில் இருக்கிறது. அவருக்கு அது ஆறுதல் கொடுத்ததா என்று வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. அவசரப்படாமல் செய்தார் என்பது மட்டும் தெரிகிறது. ஆண்டு நினைவு நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று உங்கள் குழுவில் யாராவது நெருக்கினால் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் உறவினரிடம் சண்டை போட வேண்டாம். அவரையும் சேர்த்துக்கொண்டு அரசிடம் போங்கள். ஆனால் பணம் கேட்காதீர்கள். மூன்றைக் கேளுங்கள்: பொது நிலத்தில் ஓர் இடம், படைத்துறை ஆவணத்திலிருந்து சரிபார்த்த பெயர்ப்பட்டியல், அறக்கட்டளை செயல்படாமல் போனால் பராமரிப்பை ஏற்பதாக எழுத்தில் ஓர் உறுதி. மூன்றாவது கிடைப்பது கடினம், பல தடவை நடக்க வேண்டியிருக்கும். கிடைக்கும் வரை கல்லுக்கு முன்பணம் கொடுக்காமல் காத்திருப்பது நல்லது.